சவுண்ட்: எழுத்து ஒன்று, சொல் நான்கு

கேள்வி: பழைய கடற்பயண நூல் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரே பக்கத்தில் 'சவுண்ட்' மூன்று முறை வருகிறது. கப்பல் சவுண்டுக்குள் நுழைகிறது. மாலுமி சவுண்ட் செய்கிறான். கப்பலின் அடிப்பாகம் சவுண்டாக இருக்கிறது. ஒலி என்று போட்டால் எதுவும் பொருந்தவில்லை. பெரிய அகராதியில் இதே எழுத்துக்கு 1, 2, 3, 4 என்று தனித்தனிப் பதிவுகள். ஒரு சொல்லுக்கு எதற்கு இத்தனை? எந்த இடத்தில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அகராதி இப்படி எண் போட்டுப் பிரித்தால், பெரும்பாலும் வேறு வேறு சொற்கள் ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன என்று பொருள். தமிழில் 'திங்கள்' நிலாவையும் மாதத்தையும் கிழமையையும் குறிக்கிறது. அது ஒரே சொல், நிலாவிலிருந்து கிளைத்தது. 'ஆறு' அப்படியில்லை. ஓடுகிற ஆற்றுக்கும் ஐந்துக்கு அடுத்த ஆறுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சவுண்ட் இந்த இரண்டாவது வகை. (பெயர்ச்சொல், வினைச்சொல் என்றுகூட எண் போடும் அகராதிகள் உண்டு. பதிவுக்குள் சொல்லின் பூர்வீகம் சொல்லியிருப்பார்கள், அதைப் பார்த்துவிடுங்கள்.)

சத்தம் என்ற சவுண்ட் லத்தீனின் 'சோனுஸ்' வழியில் பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. வந்தபோது அது 'சூன்'. கடைசியில் 'ட்' கிடையாது. பேசுகிறவர்கள் வாயில் தானாக ஒட்டிக்கொண்ட எழுத்து அது. இடியைக் குறிக்கும் 'தண்டர்' கதையும் இதேதான்: பழைய ஆங்கிலத்தில் 'துனோர்', நடுவில் 'ட்' பிறகு நுழைந்தது. ஜெர்மனில் இன்றும் அது இல்லாமல் 'டோனர்'தான்.

கப்பலின் அடிப்பாகம் சவுண்டாக இருக்கிறது என்பது பழைய ஆங்கில 'கெசுண்ட்'. ஆரோக்கியமான, பழுதில்லாத என்று பொருள். முன்னால் இருந்த 'கெ' காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. ஜெர்மன்காரர்கள் உதிர்க்கவில்லை, யாராவது தும்மினால் 'கெசுண்ட்ஹைட்' என்கிறார்களே, அதே சொல். சவுண்ட் ஸ்லீப் ஆழ்ந்த தூக்கம் ஆனதும், சவுண்ட் அட்வைஸ் நல்ல யோசனை ஆனதும் இந்த வழியில்தான். உயிலில் வரும் சவுண்ட் மைண்ட் தெளிந்த புத்தி. நமக்கே இது புதிதல்ல. 'பார்ட்டி நல்ல சவுண்டு' என்றால் ஆள் சத்தம் போடுகிறவர் என்றா எடுத்துக்கொள்கிறோம்? பணவசதி உள்ளவர் என்றுதானே. 'சும்மா சவுண்டு விடாதே' என்பது முதல் சொல். தமிழ்ப் பேச்சு நான்கில் இரண்டைக் கடன் வாங்கி, குழப்பமில்லாமல் புழங்கிக்கொண்டிருக்கிறது.

கப்பல் நுழைகிற சவுண்ட், வட ஐரோப்பியக் கடலோடிகளின் 'சுண்ட்'. நீச்சல், குறுகிய நீர்வழி என்று இரண்டு பொருளும் அதற்கு உண்டு. நீந்துவதைக் குறிக்கும் 'ஸ்விம்' அதன் உறவுக்காரன். டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே உள்ள ஓரசுண்ட் மிகக் குறுகலான இடத்தில் 4 கிலோமீட்டர்தான். பழைய ஆங்கில நூல்களில் ஊர்ப்பெயர் எதுவும் ஒட்டாமல் 'தி சவுண்ட்' என்று பெரிய எழுத்தில் வந்தால், பெரும்பாலும் இந்த இடத்தைத்தான் சொல்கிறார்கள். அதைக் கடக்கும் கப்பல்களிடம் டென்மார்க் 1857 வரை வரி வசூலித்தது. 'சவுண்ட் வரி' என்று எங்காவது வந்தால் இரைச்சலுக்குப் போட்ட அபராதம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கப்பல் போன இடம் எது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு, நீரிணை என்று எழுதலாம். ஆனால் நியூசிலாந்தின் மில்ஃபோர்ட் சவுண்ட் போன்ற பெயர்களை அப்படியே விடுவதுதான் நல்லது. பெயரில் சவுண்ட் இருந்தாலும், அது பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்த ஃபியோர்ட். நீரிணை என்று பெயர்த்தால் தப்பாகிவிடும்.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. மாலுமி சவுண்ட் செய்தான் என்றால் கடலின் ஆழம் பார்த்தான். இது பிரெஞ்சு 'சோந்தே'யிலிருந்து வந்தது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு வேர் எது என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு: லத்தீனில் 'அலைக்குக் கீழே' என்ற பொருளுள்ள சொல் என்கிறது ஒரு கட்சி, மேலே சொன்ன வடக்கத்திய 'சுண்ட்'தான் என்கிறது இன்னொன்று. இரண்டாவது கட்சி ஜெயித்தால் மூன்றாவதும் நான்காவதும் சொந்தமாகிவிடும்.

வேலை எளிமையானது. முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார்கள். குண்டின் அடியில் உள்ள குழிவில் கொழுப்பைத் தடவியிருப்பார்கள். தரையில் மணலா சேறா சிப்பியா என்று அதில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். மிசிசிப்பி ஆற்றில் இரண்டு ஃபாதம் (ஃபாதம் என்பது நீரின் ஆழத்தை அளக்கும் அலகு, 6 அடி) ஆழம் இருந்தால் 'மார்க் ட்வைன்' என்று கூவுவது வழக்கம். அங்கே நீராவிப் படகு ஓட்டிய சாமுவேல் கிளெமென்ஸ் அதையே புனைபெயராக வைத்துக்கொண்டார். 1875 மார்ச்சில் சாலஞ்சர் என்ற ஆய்வுக்கப்பல் மேற்குப் பசிபிக்கில் 4,475 ஃபாதம் வரை இப்படிக் கயிறு இறக்கி அளந்தது. எட்டு கிலோமீட்டருக்கும் மேல்!

'சவுண்ட் அவுட்' என்று ஒருவர் மனதை அறிவதும் இதே சொல்தான். அதற்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம். 'ஆளை ஆழம் பார்க்கிறான்' என்று நாமும் சொல்கிறோமே. திமிங்கிலம் சவுண்ட் செய்தது என்றால் ஆழத்துக்கு மூழ்கியது. 'சவுண்டிங் போர்டு' மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. யோசனையைச் சொல்லிப் பார்க்கும் ஆளை அப்படிச் சொல்வதால் பலர் இதில் சேர்த்துவிடுகிறார்கள். அது தேவாலயப் பிரசங்க மேடைக்கு மேல், குரல் நன்றாகக் கேட்பதற்காக வைத்த பலகை, சத்தக் கட்சி.

இத்தனையும் எப்படி ஒரே உருவம் எடுத்தன? இடைக்கால ஆங்கிலத்தில் நான்கிலும் நெடிய 'ஊ' ஒலி இருந்தது. 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி, ஆங்கிலத்தில் அந்த 'ஊ' பல சொற்களில் 'அவு' ஆக மாறியது. ஜெர்மனின் 'ஹுண்ட்', 'க்ருண்ட்' இரண்டையும் ஆங்கிலத்தின் ஹவுண்ட், கிரவுண்ட் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். மாற்றம் நான்கின் மேலும் ஒரே மாதிரி விழுந்தது. முதல் சொல்லில் ஒட்டிய 'ட்'டும் சேர்ந்ததும் தனித்தனி அடையாளம் போயிற்று.

சரி, நடைமுறைக்கு வருவோம். அக்கம்பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். தூக்கம், புத்தி, யோசனை, உடல், மரம், கட்டடம் ஆகியவற்றுக்கு அடையாக வந்தால் ஆரோக்கியம். பெரிய எழுத்தில், இடப்பெயரோடு, 'உள்ளே', 'வழியாக' என்ற பொருளில் முன்னிடைச்சொல் வந்தால் நீர்வழி. வினையாக வந்து, பின்னால் தண்ணீரோ கிணறோ கப்பலின் அடித்தளமோ இருந்தால் ஆழம் பார்ப்பது. மணியோ சங்கோ எக்காளமோ இருந்தால் ஒலிப்பது. 'சவுண்ட்ஸ் குட்' என்று வினைக்குப் பின் பெயரடை வந்தால் 'தோன்றுகிறது', 'படுகிறது' போதும். பன்மையில் 'சவுண்டிங்ஸ்' வந்தால் அளந்த ஆழங்கள். 'இன் சவுண்டிங்ஸ்' என்றால் ஈயக்குண்டு தரையைத் தொடும் தூரத்தில் கப்பல் இருக்கிறது. வழக்கமாக 100 ஃபாதத்துக்குள்.

உங்கள் பக்கத்தில் இருப்பவை மூன்றாவது, நான்காவது, இரண்டாவது என்ற வரிசையில் வருகின்றன: நீரிணைக்குள் நுழைந்தது, ஆழம் பார்த்தான், பழுதில்லாமல் இருந்தது. ஆழங்கள் ஃபாதம் கணக்கில்தான் இருக்கும். ஒரு ஃபாதம் 6 அடி, அதாவது ஏறக்குறைய 1.83 மீட்டர். நூலுக்குள் எண்ணை மாற்றாமல் ஃபாதமாகவே விட்டு, முதல் இடத்தில் மட்டும் அடிக்குறிப்பு போட்டுவிடுங்கள்.