ஆக்டேவியா பட்லரோட பேப்பர்ஸைப் பாக்க அமெரிக்கா போயே ஆகணுமா?

கேள்வி: அமெரிக்க நாவலாசிரியை ஆக்டேவியா பட்லர் பத்தி பிஎச்டி பண்றேன். நாவலை மட்டும் வச்சு எழுதினா பத்தாது, அவங்க டிராஃப்ட், டைரி, லெட்டர் எல்லாம் பாக்கணும்ங்கறார் கைடு. எல்லாமே கலிஃபோர்னியாவுல ஒரு லைப்ரரில இருக்காம். ஸ்டைபண்ட் ஹாஸ்டல் ஃபீஸுக்கே சரியாப் போயிடுது. ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டிருக்காங்களா, இல்ல நேர்ல போய்த்தான் ஆகணுமா?

பதில்: மொதல்ல கவலைப்படாதீங்க, டிக்கெட் காசு இல்லாமலே நிறைய வேலை முடிக்கலாம். ஆனா எல்லாமே ஸ்கேன் ஆகி நெட்ல கெடைக்கும்னு நினைச்சு உக்காந்தீங்கன்னா ஏமாந்துடுவீங்க, அதுல பெரும்பகுதி இன்னும் பேப்பராத்தான் பெட்டிக்குள்ள இருக்கு.

அந்த எடம் சான் மரீனோவுல இருக்கற ஹண்டிங்டன் லைப்ரரி. பட்லர் பொறந்து வளந்த பசடீனா அதுக்குப் பக்கத்து ஊருதான், அவங்க அம்மா அங்க வீட்டு வேலை செஞ்சு பொண்ண வளத்தவங்க. அந்தப் பொண்ணோட காகிதங்கள அடுத்த ஊர்லயே இவ்ளோ பத்திரமா வச்சிருக்காங்கன்னு நினைக்கறப்ப எனக்கு இப்பவும் மனசு நெறஞ்சுடும். 2006ல அவங்க எறந்தாங்க, அவங்க விருப்பப்படி எல்லாம் 2008ல ஹண்டிங்டனுக்கு வந்துது, பீரோ பீரோவா அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா வந்தத ஒண்ணொண்ணா பிரிச்சு, தேதி பாத்து, நம்பர் போட்டு ஆராய்ச்சிக்குத் தொறக்கறதுக்கு 2013 ஆயிடுச்சு. 9,000க்கு மேல ஐட்டம், 300க்கு மேல பெட்டி.

அந்த நம்பர் போட்ட வேலையோட பலன்தான் உங்களுக்கு இப்ப கையில கெடைக்கப் போகுது. ஃபைண்டிங் எய்ட்னு சொல்லுவாங்க, பெட்டிக்குள்ள என்ன இருக்குங்கற விவரப் பட்டியல். ஆன்லைன் ஆர்க்கைவ் ஆஃப் கலிஃபோர்னியா சைட்ல ஃப்ரீயா இருக்கு. நெறைய ஆர்க்கைவ்ல "லெட்டர்கள், பெட்டி 4"ன்னு மொத்தமா எழுதி விட்டுருவாங்க, இங்க அப்படி இல்ல, தனித்தனி ஐட்டமா, என்ன வகை, எந்த வருஷம், எத்தன பக்கம்னு இருக்கும். இத ஒரு மாசம் உக்காந்து படிங்க, நெஜமாவே படிங்க, தேடற பெட்டில வார்த்தையப் போட்டுட்டு விட்டுடாதீங்க. ஒரே நாவலுக்கு எத்தன டிராஃப்ட், எந்த வருஷம் எழுதாம நின்னுது, எப்ப திரும்ப எடுத்தாங்க, இதெல்லாம் பட்டியல்லயே தெரியும். அவங்களோட 'பேரபிள்' நாவல் வரிசைல மூணாவதா 'டிரிக்ஸ்டர்'னு ஒரு நாவல் எழுத வருஷக்கணக்கா முயற்சி பண்ணி முடிக்காமலே போயிட்டாங்க, திரும்பத் திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிச்ச பக்கங்களா கெடக்குது, அது ஒரு தீசிஸுக்கே போதும்.

இன்னொண்ணு, எல்லாரும் நேரா நாவல் டிராஃப்ட்டுக்குத்தான் ஓடறாங்க. நான் சொல்றது, அவங்க சின்னச் சின்ன நோட்டுகள விட்டுடாதீங்க. காமன்பிளேஸ் புக்னு அவங்க வச்சிருந்த நோட்டுங்க, கடை லிஸ்ட், காசு கணக்கு, அதுக்கு நடுவுலயே ஒரு பாத்திரத்தப் பத்தி நாலு வரி. 1988ல ஒரு நோட்டோட உள்அட்டைல தனக்குத்தானே எழுதி வச்சிருக்காங்க, என் புத்தகங்கள் பெஸ்ட்செல்லர் லிஸ்ட்ல வரும், ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள ரைட்டிங் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவேன், அம்மாவுக்கு நல்ல வைத்தியம் பாப்பேன், வேணும்ங்கறப்ப கார் வாடகைக்கு எடுப்பேன்னு. கடைசில "அப்படியே ஆகட்டும், அத நீ பாத்துக்க"ங்கற மாதிரி ஒரு வரி. அவங்க கார் ஓட்டாதவங்க, வாழ்க்க பூரா பஸ்லதான் போனாங்க, அது தெரிஞ்சு அந்தக் கார் வரியப் படிச்சா வேற மாதிரி இருக்கும். 1995ல மெக்கார்தர் ஃபெலோஷிப்னு பெரிய உதவித்தொகை வந்துது, ஆனா அந்த 'பேரபிள்' வரிசையோட மொத நாவல் 'பேரபிள் ஆஃப் த சோவர்' நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட்செல்லர் லிஸ்ட்ல வந்தது 2020ல, அவங்க போயி 14 வருஷம் கழிச்சு. இந்த உள்அட்டையோட படம் நெட்லயே இருக்கு, ஹண்டிங்டன் அவங்களே போட்டிருக்காங்க, இத மாதிரி சிலது ஃப்ரீயா கெடைக்கும்.

மத்ததுக்கு, பட்டியல்லேருந்து 10, 15 ஐட்டம் பொறுக்கி நம்பரோட மெயில் போட்டு காப்பி கேளுங்க. காசு உண்டு, ரேட் அவங்க சைட்ல பாத்துக்கலாம். "பட்லர் பத்தி எல்லாம் அனுப்புங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க, எந்த லைப்ரரியனாலயும் அதுக்கு பதில் சொல்ல முடியாது. ஜெரி கனவன்ங்கற ஆய்வாளர் 2016ல பட்லர் பத்தி எழுதின புத்தகத்தையும் தேடிப் பிடிங்க, அந்தப் பெட்டிகளுக்குள்ளயே கெடந்து எழுதினது, அதோட அடிக்குறிப்புலேருந்தே எந்தெந்த ஐட்டம் முக்கியம்னு புடிபட்டுடும்.

நேர்ல போயே ஆகணும்னு வந்தா சொந்தக் காசுல போகாதீங்க. ஹண்டிங்டனே வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கும் ஷார்ட் டெர்ம் ஃபெலோஷிப் தர்றாங்க, வருஷா வருஷம் அப்ளை பண்ணலாம், ஆனா நீங்க எந்த ஸ்டேஜ்ல இருக்கணும்ங்கற தகுதிய இந்த வருஷ அறிவிப்புல பாத்துட்டு அப்புறம் எழுதுங்க. அதுலயும் எந்தெந்த ஐட்டம் பாக்கணும்னு நம்பரோட எழுதினா உங்க அப்ளிகேஷன் தனியாத் தெரியும். ரீடிங் ரூமுக்குள்ள பேனா கூடாது, பென்சில்தான், இப்பவே பழகிக்கங்க.

காப்பிரைட் விஷயத்துலதான் நெறைய பேர் மாட்டிக்கறாங்க. பேப்பர் ஹண்டிங்டனோடது, அதுல இருக்கற எழுத்து பட்லரோட எஸ்டேட்டுக்கு, அதாவது அவங்க எறந்தப்புறம் அவங்க எழுத்துரிமையப் பாத்துக்கறவங்களுக்குச் சொந்தம், ரெண்டும் வேற வேற. ஸ்கேன் குடுத்துட்டாங்கங்கறதால புத்தகத்துல போட்டுக்கலாம்னு ஆயிடாது. அச்சுல வராத எழுத்துக்கு அமெரிக்க சட்டப்படி எழுதினவங்க எறந்து 70 வருஷம், அதாவது 2076 முடியற வரைக்கும். தீசிஸ்ல ரெண்டு மூணு வரி மேற்கோள் காட்டறது பொதுவா பிரச்சன ஆகாது, பின்னாடி அதயே புத்தகமாப் போடறப்ப, முழுப் பக்கமோ நோட்டுப் பக்கத்தோட ஃபோட்டோவோ வேணும்னா எஸ்டேட்கிட்ட எழுதி பர்மிஷன் வாங்கியே ஆகணும், அதுக்கு மாசக்கணக்குல ஆகும். அதனால எத எடுத்தாலும் ஐட்டம் நம்பர், கலெக்‌ஷன் பேர், லைப்ரரி பேர், ஊர், இந்த நாலையும் அன்னைக்கே குறிச்சு வச்சிடுங்க, ரெண்டு வருஷம் கழிச்சு 9,000 ஐட்டத்துக்குள்ள அந்த ஒரு வரியத் திரும்பத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.