பத்து ரூபாய் வில்லையும் பள்ளிக்கூடக் கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பள்ளிக் கல்விக்கு 46 ஆயிரம் கோடி என்று டிவியில் சொன்னார்கள். என் மகள் படிக்கிற அரசு நடுநிலைப் பள்ளியில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பணம் எங்கேதான் போகிறது? யாரிடம் கேட்பது?
– வாசகி, கல்லல்

பதில்: நீங்கள் கேட்டது சரியான தொகைதான் அம்மா. 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். இதில் பெரும்பங்கு ஆசிரியர், பணியாளர் சம்பளத்துக்குப் போகிறது. அதைத் தப்பென்று சொல்லமாட்டேன், ஆசிரியர் இல்லாமல் பள்ளிக்கூடம் ஏது? துறையின் செலவுக்குச் சட்டமன்றத்தில் பணம் கேட்கிற கணக்குப் புத்தகத்துக்கு மானியக் கோரிக்கை என்று பெயர். மானியக் கோரிக்கை எண் 43 என்று தேடினால் அந்தப் புத்தகம் இணையத்திலேயே கிடைக்கிறது. போன வருஷம் எவ்வளவு போட்டார்கள், பிறகு அதை எவ்வளவாகத் திருத்தினார்கள், அதற்கு முந்தின வருஷம் உண்மையில் எவ்வளவு செலவானது என்று பக்கத்துப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் அதில் உங்கள் பள்ளியின் பெயரைத் தேடினால் கிடைக்காது. சென்னையில் திறந்து வைத்திருக்கிற கணக்கு உங்கள் பள்ளி வாசலுக்கு வருவதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது, என் கோபமெல்லாம் அங்கேதான்.

தாழ்ப்பாளுக்கு வருவோம். ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடுகிற சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் வருஷா வருஷம் பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு. விதிமுறைப்படி 100 பேருக்கு மேல் 250 பேர் வரை படிக்கிற பள்ளிக்கு 50,000 ரூபாய், அதற்கு மேல் 1,000 பேர் வரை என்றால் 75,000. இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்கும் தூய்மைக்கும் செலவழிக்க வேண்டும். ஒரு தாழ்ப்பாளும் நாலு திருகாணியும் அதற்குள் தாராளமாக அடங்கும். இந்தத் திட்டத்தில் 100 ரூபாயில் 60 ஒன்றிய அரசு தர வேண்டும். 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடியை, பிஎம் ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை என்று நிறுத்தி வைத்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதனால் தலைமையாசிரியரிடம் எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போகாதீர்கள். மானியம் எந்தத் தேதியில் கணக்கில் ஏறியது, எவ்வளவு ஏறியது என்று முதலில் கேளுங்கள். பாவம், பல ஊர்களில் அவரே கைக்காசைப் போட்டுத்தான் சாக்பீஸ் வாங்குகிறார்.

கேட்க வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21இன்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், அரசிடமிருந்து வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அதன் வேலை. நம் பக்கத்தில் கோயிலுக்குப் புள்ளிவரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி, கொடுத்தவர், திருவிழா முடிந்ததும் வரவு செலவைக் காட்டுங்கள் என்று கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்க மட்டும் ஏன் தயங்க வேண்டும்? தீர்மான நோட்டை வாங்கிப் படித்துப் பாருங்கள். நீங்கள் உறுப்பினராக இருந்தால், எழுதி முடித்த தீர்மானத்தின் கீழே மட்டும் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் "இங்கே போடும்மா" என்றால் போடாதீர்கள்.

கேள்வி: கணக்கை எல்லாம் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் பிள்ளைகள் படித்துவிடுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: படித்துவிடாது ஐயா. ஆனால் எழுதி ஒட்டாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு உகாண்டா நல்ல பாடம். அங்கே 1991 முதல் 1995 வரை, சம்பளம் போக மற்ற செலவுகளுக்காக ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று அரசு அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஆய்வில் கண்டுபிடித்தார்கள். அப்புறம் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசே செய்தித்தாளில் போட்டது, பள்ளிகளிலும் எழுதி ஒட்டச் சொன்னது. 2001 வாக்கில் 80 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. மற்ற சீர்திருத்தங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று வாதிடுகிற பொருளாதார அறிஞர்களும் இருக்கிறார்கள். சரி, இருக்கட்டும். பணம் வந்து சேராத பள்ளியில் தரத்தைப் பற்றிப் பேசவே முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

வந்து சேர்ந்த பிறகு கேட்க வேண்டிய கணக்கு வேறு, அதை உங்களைப் போன்றவர்கள்தான் கேட்க முடியும். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, காலியானது எந்த மாதத்திலிருந்து? கணக்கு ஆசிரியர் எத்தனை நாள் மாற்றுப் பணியில் போனார்? எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பிழையில்லாமல் வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்று 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கி, 2025ஐ இலக்காகவும் வைத்தார்கள். உங்கள் தெருவிலுள்ள மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து, அவர்களுடைய தமிழ்ப் புத்தகத்திலேயே ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். திக்கினால் பிள்ளையைத் திட்ட வேண்டாம், எத்தனை பேர் திக்கினார்கள் என்று குறித்துக்கொண்டு போய் அடுத்த குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள். முப்பது வருஷம் வகுப்பெடுத்தவர் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளி அரசு உதவி பெறும் பள்ளி. கணக்குக் கேட்டால் "இது தனியார் நிர்வாகம்" என்கிறார்கள்.
– வாசகர், தேவகோட்டை

பதில்: நிர்வாகம் தனியாருடையது, சம்பளம் அரசுப் பணம். அரசு நிதியில் பெருமளவு நடக்கிற அமைப்பும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005க்குள் வரும். அங்கே மேலாண்மைக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம் என்று 2012இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள், அதனால் மனுவே நல்ல வழி. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். "இன்ன நிதியாண்டின் மானிய வரவு செலவுப் பதிவேட்டின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கேள்வி: கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் வந்தவன். நான் படித்த அரசுப் பள்ளிக்கு ஸ்மார்ட் வகுப்பறை கட்டித் தர ஆசை. கொடுக்கிற காசு ஒழுங்காகச் செலவாகுமா?
– வாசகர்

பதில்: நல்ல மனசு. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்த மண் இது, கொடுப்பவர்களுக்கு இங்கே என்றும் குறைவில்லை. 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகக் கொடுங்கள், ரசீதும் கணக்கும் இருக்கும். ஆனால் ஸ்மார்ட் வகுப்பறை என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். மேலாண்மைக் குழு தயாரிக்க வேண்டிய பள்ளி வளர்ச்சித் திட்டம் இருக்கிறதா என்று கேட்டு, அதன் நகலை அனுப்பச் சொல்லுங்கள். அதில் முதல் வரியில் தண்ணீர்த் தொட்டி என்று இருந்தால் தண்ணீர்த் தொட்டியையே கட்டிக் கொடுங்கள். திட்டமே எழுதவில்லை என்றால், எழுதின பிறகு பணம் அனுப்புகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.