மலாயாவில் அக்காள், மலையகத்தில் தங்கை

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையில் வரலாறு கற்பிக்கிறேன். என் அம்மாயியின் அக்காள் திருச்சிப் பக்கத்து ஊரிலிருந்து மலாயாத் தோட்டத்துக்குப் போனவர். அங்கே நேதாஜியின் பெண்கள் படையில் சேர்ந்தார் என்று அம்மாயி சொல்வார். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, "அங்கே போனவர்கள் துப்பாக்கி எடுத்தார்கள், இங்கே வந்த நாங்கள் ஏன் எடுக்கவில்லை, பயமா?" என்று கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

ஓர் ஆசிரியை, பொகவந்தலாவை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

பயம் இல்லை என்று அந்தப் பிள்ளையிடம் உறுதியாகச் சொல்லுங்கள். கண்டிச்சீமை என்ற இந்த மலையகத்துக்கு வந்தவர்களும் பினாங்குக்குக் கப்பலேறியவர்களும் திருச்சி, சேலம், தஞ்சாவூர் என்று அதே மாவட்டங்களின் சனங்களே. ஆள்கட்டி வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடனும், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டும், துரையின் அதிகாரமும் இரண்டு இடத்திலும் இருந்தவைதான். 1942இல் மலாயாவை யார் பிடித்தார், இலங்கை யார் கையில் இருந்தது என்பதில்தான் வழி பிரிந்தது.

அவ்வாண்டு பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சரணடைந்த இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு பிரித்தானியரை எதிர்த்து மோகன் சிங் அமைத்த இந்திய தேசிய இராணுவம் ஆண்டு முடிவதற்குள் குலைந்துபோக, 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் வந்து அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். சிப்பாய்களோடு நில்லாமல் குடிமக்களையும் அவர் அழைத்ததால், பால்மரம் வெட்டிய கைகள் துப்பாக்கி பிடித்தன. லட்சுமி சுவாமிநாதன் தலைமையேற்ற பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையின் பெண்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களில் பலர் ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்கள். கூலி என்றே அழைக்கப்பட்ட ஒரு பெண் சீருடை அணிந்து அணிவகுத்து நின்றது எத்தனை பெரிய காரியம் என்பதை, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயன் அறையில் பிறந்த நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் படைக்குத் துணைநின்ற ஜப்பானியர்தான், அதே தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோய்ச் சாகவிட்டார்கள். படையில் சேர்ந்தவர்களின் தியாகத்தை நான் வணங்குகிறேன். அந்தச் சாவுகளை விட்டுவிட்டு அதைப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

இலங்கையில் 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசினவே தவிர, பிரித்தானியரின் பிடி தளரவில்லை. 1944 ஏப்ரலில், மணிப்பூரின் மொய்ராங்கில் இந்திய தேசிய இராணுவம் கொடியேற்றிய அதே மாதத்தில், நேச நாட்டுப் படைகளை நடத்திய மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டிக்கு அருகே பேராதனைப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. அக்காள் சேர்ந்த படைக்கு எதிரான போர், தங்கை கொழுந்து பறித்த மலைகளிலிருந்தே நடத்தப்பட்டது. நம்மவர்களுக்குத் துப்பாக்கியை யார் கொடுத்திருப்பார்கள்?

இங்கே எதிர்ப்பு வேலைநிறுத்தமாக எழுந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுப் போராட்டம் நடந்தபோது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அந்த மாணவிக்கு அவரைப் பற்றியும் சொல்லுங்கள்.

உங்கள் பெரிய அம்மாயி எந்தத் தோட்டத்திலிருந்து சேர்ந்தார், சிங்கப்பூர் முகாமில் இருந்தாரா, ரங்கூன் வரை போனாரா என்பதை, உங்கள் அம்மாயி சொன்ன வார்த்தைகளிலேயே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தோட்டத்தின் பெயர் தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.