நாகர்கோவில்ல புரிட்டோ தேடுற தம்பிக்கு

வேலைக்கு நாகர்கோவில் வந்து ஒரு வாரந்தான் ஆச்சு, கம்மி விலைல நல்ல புரிட்டோ, அதான் அந்த மெக்சிகோ சுருட்டு ரொட்டி, எங்க கிட்டும்னு கேட்டிருந்தீங்க. நானும் ஒரு கஃபேல ஆசப்பட்டு வாங்குனேன் தம்பி, ஆறிப்போன சப்பாத்திக்குள்ள முட்டைக்கோசும் மயோனைஸும், காசு போனதுதான் மிச்சம். அதுக்கு பதிலா சாயங்காலம் 6 மணிக்கு மேல வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து பாருங்க, பரோட்டாவ அப்பப்போ கல்லுல போட்டு, அடுக்கி வச்சு ரெண்டு கையாலயும் அடிச்சு எடுப்பாவ, ஆட்டோக்காரங்க கூட்டமா திங்குற கடையா பாத்து ஏறுங்க. தேங்காக்கொத்து போட்ட பீஃப் ரோஸ்ட்ட சூடா உள்ள வச்சு நீங்களே சுருட்டிக்குங்க, மெக்சிகோக்காரங்களும் மாவு ரொட்டிக்குள்ள இறைச்சியும் பீன்ஸும் வச்சுத்தான சுருட்டுதாவ. பீஃப் திங்க மாட்டீங்கன்னா காலைல புட்டு, சிறுபயறு, பப்படம், மத்தியானம் வர பசிக்காது.