வசந்தகால வலசை: குழுவாகப் பறவை பார்க்கச் செல்வோரின் கேள்விகள்

பூமியின் வடபாதியில் மார்ச் முதல் மே இறுதி வரை, குளிர்காலத்தைத் தெற்கே கழித்த பறவைகள் இனப்பெருக்கத்துக்காக வடக்கு நோக்கித் திரும்புகின்றன. அந்த வாரங்களில் குழுவாகப் பறவை பார்க்கச் செல்வது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: சென்ற வசந்தத்தில் எங்கள் குழு ஒரே சோலைக்கு இரண்டு முறை சென்றது. முதல் நாள் மரந்தோறும் பறவைகள் இருந்தன; அடுத்த வாரம் அதே நேரத்துக்குப் போனபோது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. செல்லும் நாளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: அந்த இரண்டு காலைகளின் வேறுபாட்டுக்கான காரணத்தை அவற்றுக்கு முந்தைய இரவுகளில் தேட வேண்டும். கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான், பூங்குருவி போன்ற சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் வலசை செல்கின்றன. இரவில் காற்று அமைதியாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும், வேட்டையாடும் பறவைகளின் தொல்லை குறைவு, பகற்பொழுது முழுவதும் இரை தேடுவதற்குக் கிடைக்கும். சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் கிளம்பும் இப்பறவைகள், விடியும் தறுவாயில் கீழே தென்படும் பசுமையில் இறங்கி, இறங்கியதும் பசியோடு இரை தேடத் தொடங்குகின்றன. விடிந்த பின் முதல் மூன்று மணி நேரம் சிறப்பாக இருப்பது இதனால்தான்.

தெற்கிலிருந்து வீசும் காற்று அவற்றைத் தாங்கிச் செல்லும் என்பதால், அத்தகைய இரவுகளில் மிகப் பல பறவைகள் பறக்கின்றன. ஆனால் இரவு முழுவதும் வானிலை நன்றாக இருந்தால், அவற்றில் பெரும்பாலானவை உங்கள் சோலையைக் கடந்து போய்விடக் கூடும். நல்ல காற்றுடன் தொடங்கிய இரவு, விடியலுக்கு முன் மழையாகவோ எதிர்க்காற்றாகவோ மாறும்போதுதான் பறந்துகொண்டிருக்கும் கூட்டம் மொத்தமாகக் கீழே இறங்குகிறது. மெக்சிகோ வளைகுடாவின் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீர்ப்பரப்பை ஒரே மூச்சில் கடந்து வரும் பறவைகள், டெக்சாஸ் கரையை நெருங்கும்போது வடகாற்றிலும் மழையிலும் சிக்கினால், ஹை ஐலண்ட் என்னும் ஊரின் மரங்களில் வந்து குவிவதைக் காண உலகெங்கிலுமிருந்து ஆர்வலர்கள் செல்கிறார்கள். பார்ப்பவர்களுக்குக் கொண்டாட்டமான அந்த நாள், பறவைகளுக்கு மிகக் கடினமான நாள் என்பதைக் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். கீழே வரும் பல பதில்களுக்கு இதுவே அடிப்படை.

ஆகவே முந்தைய மாலையில் காற்றின் திசையையும் மழை வரக்கூடிய நேரத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் வானிலை ரேடார்களைக் கொண்டே இரவு வலசையின் அளவைக் கணித்து அறிவிக்கும் பேர்ட்காஸ்ட் என்ற திட்டம் உள்ளது. மற்ற இடங்களில் வானிலை முன்னறிவிப்பே போதிய துணையாகும். ஒரே ஒரு நாளைக் குறித்துக்கொண்டு எல்லா நம்பிக்கையையும் அதில் வைப்பதைவிட, சில வாரங்களுக்குப் பரவிய குறுகிய உலாக்கள் நல்லவை. ஒவ்வோர் இனமும் தனக்கென ஒரு காலத்தில் கடந்து செல்கிறது. பல இனங்களில் ஆண் பறவைகள் முதலில் வந்து சேர, பெண் பறவைகள் சில நாட்கள் கழித்தே வருகின்றன. இடத்தைப் பொறுத்தவரை, பெரிய நீர்ப்பரப்பை ஒட்டிய மரக்கூட்டமும், கட்டடங்களால் சூழப்பட்ட தனிப் பசுமையும் பறவைகளை ஈர்க்கும். கனடாவில் ஈரி ஏரிக்குள் நீண்டிருக்கும் பாயிண்ட் பீலி முனையும், நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவும் புகழ்பெற்றது இந்த அமைப்பினால்தான்.

கேள்வி: எங்கள் குழுவில் 25 பேர். முன்னால் நடப்பவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்கள். பின்னால் வருபவர்களுக்கு அசையும் கிளை மட்டுமே மிஞ்சுகிறது. இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் 25 பேர் ஒரே குழுவாக நடக்கும்வரை முடியாது. எட்டு முதல் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, வெவ்வேறு பாதைகளில் செல்லுங்கள். ஒவ்வொரு குழுவிலும் முன்னே ஒருவரும் பின்னே ஒருவரும் பொறுப்பாளர்களாக இருக்கட்டும். முன்னவர் பறவை அறிவில் மிகுந்தவராக இருப்பது நல்லது. பின்னவர் எல்லோரும் பார்த்துவிட்டார்களா என்று கவனிக்கும் பொறுமை உடையவராக இருப்பது அதைவிட முக்கியம்.

குழுக்கள் செய்யும் பெரிய தவறு, தேவைக்கு மேல் நடப்பது என்பது என் உறுதியான கருத்து. வலசைப் பறவைகள் பல இனங்களாகக் கலந்து, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு இரை தேடிக்கொண்டே நகர்பவை. வெயில் முதலில் படும் மரவிளிம்பையோ, பூச்சிகள் மொய்க்கும் பூமரத்தையோ தேர்ந்தெடுத்து, சூரியன் முதுகுப் பக்கம் இருக்குமாறு அரைவட்டமாக நின்று, உயரம் குறைந்தவர்களை முன்னே விட்டு, கால் மணி நேரம் அசையாமல் காத்திருந்தால், நாம் தேடிப் போகும் கூட்டம் தானே நம்மைக் கடந்து போகும். நின்றிருக்கும் பத்துப் பேரைப் பறவைகள் எளிதில் பொறுத்துக்கொள்கின்றன. நெருங்கி வரும் இரண்டு பேரை அவ்வாறு பொறுப்பதில்லை. வரிசையாக நடக்கும் நேரத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பறவை இருக்கும் இடத்தைச் சொல்வதிலும் ஒழுங்கு வேண்டும். 'அதோ, அந்தக் கிளையில்' என்று கையை நீட்டுவது யாருக்கும் உதவாது. கையின் திடீர் அசைவு பறவையையும் விரட்டிவிடும். பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள். முதலில் எந்த மரம் என்பதை எல்லோருக்கும் புரியும்படி சொல்லுங்கள். பிறகு அந்த மரத்தின் தலைப்பகுதியைக் கடிகார முகமாகக் கொண்டு, உச்சியைப் பன்னிரண்டு மணியாக வைத்து, 'இரண்டு மணி நிலையில், காய்ந்த கிளைக்கு ஒரு முழம் கீழே, இடப்பக்கம் நகர்கிறது' என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். பார்த்தவர் ஓரடி விலகி, பார்க்காதவருக்குத் தம் இடத்தைக் கொடுப்பது குழுவின் முதல் விதியாக இருக்கட்டும்.

புதியவர்களுக்கு இன்னொரு பயிற்சியும் தேவை. பலர் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு அதன் வழியே பறவையைத் தேடுகிறார்கள். வெறும் கண்ணால் பறவையைக் கண்டு, பார்வையை அதிலிருந்து எடுக்காமல், கருவியை மெல்லக் கண்ணுக்கு உயர்த்த வேண்டும். கிளம்பும் முன் ஓர் இலையையோ பெயர்ப்பலகையையோ வைத்துச் சில நிமிடங்கள் பழகினால் போதும்.

கேள்வி: குழுவில் பகிர்ந்துகொள்ளப் பைனாகுலர் வாங்க நினைக்கிறோம். 8x42, 10x42 இரண்டில் எது?

பதில்: 8x42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கின்றன. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8x42-இல் இது 5.25 மில்லிமீட்டர், 10x42-இல் 4.2 மில்லிமீட்டர். மங்கிய விடியல் வெளிச்சத்தில் இந்த வேறுபாடு தெரியும். பத்து மடங்குக் கருவியில் கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும். பார்வைப் பரப்பும் பெரும்பாலும் குறுகியிருக்கும் என்பதால் இலைகளுக்கிடையே துள்ளும் பறவையைப் பிடிப்பது கடினம். கண்ணாடி அணிபவர்கள் கண்வளையங்களை உள்ளே திருகிவிட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்களுடன் வரும் ஒருவர், புதருக்குள் மறைந்திருக்கும் பறவையை வெளியே வரவழைக்கக் கைபேசியில் அதன் பாட்டை ஒலிக்கச் செய்கிறார். எல்லோருக்கும் பறவை தெரிகிறது என்பதால் யாரும் தடுப்பதில்லை. இது சரியா?

பதில்: சரியில்லை. வசந்தத்தில் ஆண் பறவையின் பாட்டு, 'இது என் எல்லை' என்ற அறிவிப்பு. அந்தப் பாட்டைக் கேட்டு வெளியே வரும் பறவை, தன் எல்லைக்குள் ஒரு போட்டியாளன் புகுந்துவிட்டான் என்று நம்பி, இரை தேடுவதையும் கூடு காப்பதையும் விட்டுவிட்டு வருகிறது. ஒரு குழு ஒரு முறை செய்தால் பெரிய கேடு விளையாது என்று சிலர் வாதிடுவார்கள். வலசைக் காலத்தில் பலரும் கூடும் சோலைக்கு ஒரே காலையில் எத்தனை குழுக்கள் வருகின்றன என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பதிவுசெய்த ஒலிகளைப் பயன்படுத்துவதை, குறிப்பாகப் பார்வையாளர்கள் மிகுந்த இடங்களில், கட்டுப்படுத்துமாறு அமெரிக்கப் பறவை நோக்கர் சங்கத்தின் நெறிமுறையும் கேட்டுக்கொள்கிறது.

வழியில் இறங்கிய பறவைக்கு ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தென் அமெரிக்காவிலிருந்து ஆர்க்டிக் பகுதிக்குச் செல்லும் 'ரெட் நாட்' என்னும் உள்ளான், மே மாதத்தில் அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் இறங்கி, குதிரைலாட நண்டுகளின் முட்டைகளைத் தின்று, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தன் எடையைக் கிட்டத்தட்ட இரு மடங்காக்கிக் கொள்கிறது. அந்தக் கொழுப்பே மீதிப் பயணத்துக்கான எரிபொருள். பனி முழுதும் உருகாத நிலத்தில் முதல் நாட்களைத் தாக்குப்பிடிக்கவும் அதுவே துணை. மனிதர்களோ நாய்களோ மீண்டும் மீண்டும் கூட்டத்தைக் கிளப்பிவிட்டால், போதிய எடை கூடாமலேயே அது புறப்பட நேரும். நியூ ஜெர்சி மாநிலம் அந்த வாரங்களில் சில கடற்கரைப் பகுதிகளுக்குள் மக்கள் நுழைவதைத் தடை செய்வதற்குக் காரணம் இதுவே.

நண்பரிடம் குழுவின் முன்னிலையில் அல்லாமல், உலா தொடங்கும் முன் தனியே பேசுங்கள். படமெடுப்பவர்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். பறவை இரை எடுப்பதை நிறுத்தித் தலையை நிமிர்த்திப் பார்த்தால், அல்லது எச்சரிக்கைக் குரல் எழுப்பினால், நாம் ஏற்கெனவே தேவைக்கு மேல் நெருங்கிவிட்டோம். அந்த நொடியில் மொத்தக் குழுவும் மெல்லப் பின்வாங்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 67. இளைஞர்கள் குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தக் குரல் கேட்பதே இல்லை. குழுவுக்குப் பாரமாக இருக்கிறேனோ என்ற வருத்தம் உண்டு.

பதில்: ஐயா, வயது கூடும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதிகளைத்தான். சிறு பறவைகள் பலவற்றின் குரல் சரியாக அந்தப் பகுதியில் அமைந்திருக்கிறது. ஐரோப்பாவின் கோல்ட்கிரெஸ்ட் பறவையின் மெல்லிய அழைப்பு 7,000 ஹெர்ட்ஸை ஒட்டி இருப்பதால், அங்கே மூத்த பறவை நோக்கர்கள் பலருக்கும் முதலில் கேட்காமல் போவது அதுவே. இதில் வருந்தவோ வெட்கப்படவோ ஏதுமில்லை. செவிப்பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். காதுக்கருவியால் பயன்பெற்றவர்கள் பலர்.

மெர்லின் என்ற கைபேசிச் செயலி சுற்றுப்புற ஒலியைக் கேட்டு, பாடும் பறவையின் பெயரைத் திரையில் காட்டும். இந்த வசதி பாட்டை ஒலிக்கச் செய்யாமல் கேட்க மட்டுமே செய்வதால் பறவைக்குத் தொல்லை இல்லை. சில நேரங்களில் தவறாகவும் சொல்லும். அது காட்டும் பெயரை ஒரு துப்பாக எடுத்துக்கொண்டு, பறவையைக் கண்ணால் கண்ட பிறகே முடிவு செய்யுங்கள். குழுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குரலை மட்டும் கேட்டு நடந்துவிடாதீர்கள், குரல் வரும் திசையை எல்லோருக்கும் காட்டுங்கள். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு புதரை நோக்கி நிற்கும்போது, தலைக்கு மேலே கடந்து செல்லும் தகைவிலான்களையும் பருந்துகளையும் கவனிக்க ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: எங்களில் பலரால் விடியலில் வர இயலாது. காலை பத்து மணிக்குத் தொடங்கினால் பயனுண்டா?

பதில்: சோலைப் பறவைகளுக்குத் தாமதம்; பருந்துகளுக்கும் நாரைகளுக்கும் அதுவே தொடக்கம். நிலம் சூடேறி வெப்பக்காற்று மேலெழும்போது, அவை சிறகடிக்காமல் அந்தக் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, அங்கிருந்து சறுக்கி அடுத்த காற்றுத் தூணை அடைகின்றன. கடலின் மேல் இத்தகைய காற்று பெரும்பாலும் எழுவதில்லை என்பதால், நீர்ப்பரப்பைச் சுற்றியோ, அது மிகக் குறுகிய இடத்திலோதான் கடக்கின்றன. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் அகலமே உள்ள ஜிப்ரால்டர் நீரிணையிலும், செங்கடலின் வடமுனையில் உள்ள எய்லாட்டிலும் வசந்தத்தில் அவை பெருந்திரளாகக் கூடுவது இதனால்தான். எய்லாட்டைத் தேன்பருந்துகள் லட்சக்கணக்கில் கடந்து செல்கின்றன. உயரமான திறந்தவெளி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வானத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஆளுக்கொரு பகுதியைக் கவனியுங்கள். வெண்மேகங்கள் உள்ள நாளில் தொலைவுப் பறவைகள் எளிதில் புலப்படும். கடலோரச் சேற்றுநிலத்துக்குச் செல்வதானால் கடிகாரத்தைப் பார்க்காமல் ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைப் பாருங்கள். நீர் உச்சத்தை எட்டுவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பு உள்ளான்கள் கரையை நோக்கி நெருங்கி வரும்.

கேள்வி: உலா முடிந்ததும் ஆளுக்கொரு பட்டியல் இருக்கிறது, எண்ணிக்கையும் பொருந்துவதில்லை. ஒருவர் மட்டும் கண்ட அரிய பறவையைச் சேர்க்கலாமா?

பதில்: குழுவுக்கு ஒரே பட்டியல் போதும். தொடங்கும் முன் ஒருவரைப் பதிவாளராக நியமித்து, பார்த்ததையெல்லாம் அவரிடம் உடனுக்குடன் சொல்லுங்கள். ஒவ்வொருவரின் எண்ணிக்கையையும் கூட்டினால் ஒரே பறவை பல பறவைகளாகிவிடும். கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் என்னும் பறவைப் பாதுகாப்பு அமைப்பும் 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் தளத்தில், ஒருவர் ஏற்றும் பட்டியலைக் குழுவில் உள்ள மற்றவர்களுடன் பகிரலாம்; ஒருவர் தாம் காணாத இனத்தைத் தம் பிரதியிலிருந்து மட்டும் நீக்கிவிடவும் முடியும். தொடங்கிய நேரம், நடந்த தொலைவு, எடுத்துக்கொண்ட நேரம், ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தவறாமல் குறியுங்கள். அடையாளம் கண்ட எல்லா இனங்களையும், சாதாரணமானவை என்று எதையும் விடாமல், பதிவிட்டால்தான் அது முழுமையான பட்டியல். ஒரு பறவை அங்கே இல்லை என்பதையும் ஆய்வாளர்கள் அதிலிருந்தே அறிகிறார்கள்.

அரிய பறவையைக் கண்டவரைச் சந்தேகிப்பதும் வேண்டாம், உடனே கைதட்டுவதும் வேண்டாம். கையேட்டைப் புரட்டும் முன்பே, தாம் கண்ட அளவு, அலகின் வடிவம், சிறகுப் பட்டைகள், கால் நிறம், நடத்தை ஆகியவற்றை அவர் எழுதிவிடட்டும். படத்தைப் பார்த்த பின் நினைவு படத்தைப் போலவே மாறிவிடும். மற்றவர்களும் காண முயலலாம். ஐயம் தீராவிட்டால், இனத்தை விடுத்து 'கதிர்க்குருவி வகை' என்று மட்டும் பதிவிடுவது நேர்மையானது. உறுதியாகி, அது கூடு கட்டும் பறவையாகவும் இருந்தால், பொதுவெளியில் இடத்தைத் துல்லியமாக வெளியிடாதீர்கள்.