எக்ஸ்பாத்: ஆழம் பார்த்து எடுப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு நூலின் எக்ஸ்எம்எல் கோப்பு. ‘நூல்’ என்ற வேர் உறுப்புக்குள் ‘பகுதி’, அதற்குள் இன்னொரு ‘பகுதி’, சில இடங்களில் அதற்குள்ளும் ஒன்று. கோப்பிலிருந்து உறுப்புகளைத் தேடி எடுக்கும் எக்ஸ்பாத் மொழியில் இரண்டாம் மட்டத்தில் இருப்பவற்றை மட்டும் எடுக்க வேண்டும். //பகுதி[2] என்று போட்டால் சம்பந்தமில்லாதவை வருகின்றன. //பகுதி/பகுதி என்றால் மூன்றாம் மட்டமும் சேர்ந்து வருகிறது. பைத்தானில் எல்எக்ஸ்எம்எல் என்ற நிரலகத்தைப் பயன்படுத்துகிறேன். என்ன செய்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சதுர அடைப்புக்குள் இருக்கும் எண் வரிசையைத்தான் சொல்லும், ஆழத்தை அல்ல. //பகுதி[2] என்றால், ஒவ்வொரு தாய் உறுப்பின் நேர்ப்பிள்ளைகளிலும் இரண்டாவதாக வரும் பகுதி. தாய்க்கு ஒன்றாக எல்லா மட்டத்திலிருந்தும் வரும். கோப்பு முழுவதற்கும் இரண்டாவது ஒன்று மட்டும் வேண்டுமென்றால் (//பகுதி)[2]. //பகுதி/பகுதி கேட்பது தாயும் பகுதியாக இருக்கும் பகுதியை. மூன்றாம் மட்டத்துக்கும் அது பொருந்துகிறதே.

கட்டமைப்பு சீராக இருந்தால் /நூல்/பகுதி/பகுதி போதும், வேகமும் அதிகம். ஆனால் இடையில் எங்காவது ‘குழு’ என்று ஓர் உறை உறுப்பு வந்துவிட்டால் அதற்குள் இருப்பவை சத்தமில்லாமல் விடுபடும். பிழைச்செய்தி எதுவும் வராது. அப்போது மூதாதையரை எண்ணுவதே சரி:

//பகுதி[கவுன்ட்(ஆன்செஸ்டர்::பகுதி) = 1]

கவுன்ட், ஆன்செஸ்டர் இரண்டையும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். முதல் மட்டத்துக்கு 0, இரண்டாவதற்கு 1, மூன்றாவதற்கு 2. அடைப்புக்குள் பகுதி என்ற பெயருக்குப் பதில், எந்தப் பெயருக்கும் பொருந்தும் உடுக்குறி (*) போட்டால் நூல், குழு எல்லாம் கணக்கில் சேரும். ஒரே மட்டத்துப் பகுதிக்கு ஓரிடத்தில் 2, உறை உள்ள இடத்தில் 3 என்று வரும். பெயர் சொல்லி எண்ணுவதையே நான் பரிந்துரைப்பேன்.

ஒரு பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள் தேடும்போதும் ஆன்செஸ்டர் வேர் வரைக்கும் ஏறி எண்ணும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து எண்ணாது. அங்கே ./பகுதி/பகுதி என்று நேராக இறங்குவது எளிது. முன்னால் உள்ள புள்ளி முக்கியம். உள்ளே வேறு பகுதி இல்லாதவற்றை எடுக்கும் கோவையைப் பாருங்கள்:

//பகுதி[நாட்(.//பகுதி)]

நாட் என்பதும் ஆங்கில எழுத்தில்தான். அந்தப் புள்ளியை விட்டுவிட்டால் தேடல் ஒவ்வொரு முறையும் கோப்பின் தலையிலிருந்து தொடங்கும். அங்கே ஏதாவது ஒரு பகுதி கண்டிப்பாக இருக்கும், ஆகவே விடை எப்போதும் காலி. இந்தக் கோவை தருவது கடைசிக் கிளைகளை. அவை எல்லாம் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. மிக ஆழமான மட்டம் எது என்று கேட்க உதவும், மிகப் பெரிய எண்ணைத் தரும் மேக்ஸ் சார்பு எக்ஸ்பாத்தின் 2.0 பதிப்பில்தான் வந்தது. எல்எக்ஸ்எம்எல் 1999-ஆம் ஆண்டின் 1.0-வைப் பின்பற்றுகிறது, உலாவிகளும் அப்படியே. ஆழங்களைப் பட்டியலாக எடுத்துப் பைத்தானிலேயே பெரியதைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக எழுதியும் ஒன்றுமே வரவில்லையா? வேர் உறுப்பில் எக்ஸ்எம்எல்என்எஸ் பண்பு இருக்கிறதா பாருங்கள். உறுப்புப் பெயர்கள் எந்தப் பெயர்வெளியை, அதாவது எந்தப் பெயர்த் தொகுப்பைச் சேர்ந்தவை என்று சொல்வது அது. இருந்தால் வெறும் ‘பகுதி’ எதோடும் பொருந்தாது. அந்தப் பெயர்வெளிக்கு ‘நூ’ என்று ஒரு முன்னொட்டைக் கொடுத்து //நூ:பகுதி என எழுத வேண்டும். அடைப்புக்குள் ஆன்செஸ்டருக்குப் பின்னாலும் அதே முன்னொட்டு வேண்டும்; அங்கே மறந்தால் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் 0 ஆகி, = 1 என்ற நிபந்தனையில் ஒன்றும் தேறாது.