வாட்ஸப் குழுவில் எந்த நேரத்தில் அதிகம் பேசுகிறார்கள் என்று காட்டும் கருவி உண்டா? அறிவிப்பை எப்போது போட்டால் எல்லோரும் பார்ப்பார்கள்?

கருவி உண்டு. இதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை, கம்ப்யூட்டரில் எக்செல் இருந்தால் போதும். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. குழு அதிகம் பேசும் நேரம் வேறு, அதிகம் படிக்கும் நேரம் வேறு. முதலாவதைக் கண்டுபிடித்துவிட்டு அதையே இரண்டாவதுக்கும் பதில் என்று நினைத்துவிடுகிறார்கள் பலர்.

நான் இதில் இறங்கக் காரணம் தண்ணீர். திருப்பூர் மாவட்டம் வெள்ளகோவில் பக்கம், பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலின் கடைமடை எங்களுடையது. ஆயக்கட்டை, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பை, நான்கு மண்டலமாகப் பிரித்து, முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். எங்கள் மண்டலம் திறந்திருக்கும் காலத்தில் யாருக்கு எப்போது மடை திறக்கிறது என்பதைக் குழுவில்தான் போடுகிறோம். அதைப் பார்க்காமல் விட்டவருக்கு அந்த முறை போனது போனதுதான். "ஏனுங்க, தண்ணி உட்டதே எனக்குத் தெரியலீங்களே" என்று ஒருவர் வந்து நின்றால் என்ன பதில் சொல்வது? சோளத்தட்டு காய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் "குரூப்ல போட்டோமே" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, வேலைக்கு வருவோம். ஆண்ட்ராய்டு போனில் குழுவைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டால் 'மோர்' என்பதன் உள்ளே 'எக்ஸ்போர்ட் சாட்' இருக்கும். மீடியா இல்லாமல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வரும். ஒவ்வொரு செய்தியும் தேதி, நேரம், பெயர், செய்தி என்ற வரிசையில் இருக்கும். உங்கள் போனில் இருப்பது மட்டும்தான் வரும். நீங்கள் குழுவில் சேர்வதற்கு முன் நடந்ததும், நீங்கள் அழித்ததும் வராது. குழுவில் 'அட்வான்ஸ்டு சாட் பிரைவசி' போட்டிருந்தால் எக்ஸ்போர்ட்டே ஆகாது. 2025இல் வந்த வசதி அது.

எக்செல்லில் ஏற்றும்போது மூன்று இடத்தில் சிக்கும். எழுத்துக் குறியாக்கம் (என்கோடிங்) யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் கிறுக்கலாகத் தெரியும். கம்ப்யூட்டரில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் மார்ச் 5 மே 3 ஆகிவிடும், மார்ச் 25 தேதியாகவே ஏறாது. மூன்றாவதுதான் ரொம்ப நேரத்தைத் தின்னும்: புதிய ஃபைல்களில் மணிக்கும் 'பிஎம்' என்பதற்கும் நடுவில் இருப்பது சாதாரண இடைவெளி இல்லை. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் எக்செல் அதை நேரம் என்று எடுத்துக்கொள்ளாது. அந்த இடைவெளியைக் காப்பி எடுத்து, 'ஃபைண்ட் ரீப்ளேஸ்' கொடுத்து சாதாரண இடைவெளியாக மாற்றிவிடுங்கள். நீளமான செய்திகளில் இரண்டாவது வரி தேதி இல்லாமல் தனியாக நிற்கும். அவற்றை நீக்கிவிடலாம், எண்ணிக்கைக்கு அவை தேவையில்லை.

அப்புறம் 'ஹவர்' ஃபார்முலாவால் மணியையும், 'வீக்டே' ஃபார்முலாவால் கிழமையையும் தனித்தனிப் பத்தியில் பிரித்து, பிவட் டேபிள் (வகைவாரியாக எண்ணித் தரும் எக்செல் அட்டவணை) போடுங்கள். கிழமை 7, மணி 24, ஆக 168 கட்டம். எண்ணிக்கை கூடக்கூட நிறம் அடர்த்தியாகும்படி வைத்தால் பார்த்தவுடன் புரியும். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி தெரிந்தவர்களுக்குப் பத்திருபது வரியில் முடிந்துவிடும்.

எங்கள் கட்டத்தில் காலை 5 முதல் 7 வரைதான் நல்ல அடர்த்தி. பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வரும் நேரம், அதனால் இயல்புதான் என்றார்கள். ஆனால் படம், வீடியோ இருந்த இடத்தில் வரும் 'மீடியா ஒமிட்டட்' என்ற வரிகளை எடுத்ததும் அந்த அடர்த்தி கரைந்துவிட்டது. அத்தனையும் காலை வணக்கப் படங்கள். இரவு 9 மணிக்கு மேல் இருந்த அடர்த்தியும் அப்படித்தான்: தேங்காய் விலை பற்றி நான்கைந்து பேர் விடாமல் பேசியது. அதனால் செய்திகளை எண்ணாதீர்கள், ஆட்களை எண்ணுங்கள். அந்த மணியில் எத்தனை வெவ்வேறு பேர் வாய் திறந்தார்கள் என்று பார்த்தபோது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரமும் இரவு 7லிருந்து 8 வரையும்தான் எங்களுக்கு மேலே வந்தன.

இன்னொன்று. ஆண்டு முழுவதையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டாதீர்கள். தண்ணீர் வரும் மாதங்களில் நடுராத்திரியிலும் பேச்சு இருக்கும், மடையில் ஆள் நிற்பார்கள். மற்ற மாதங்களில் அந்த நேரத்தில் ஒரு ஈ காக்கை இருக்காது. இரண்டையும் கலந்தால் எந்தக் காலத்துக்கும் பொருந்தாத ஒரு படம்தான் கிடைக்கும். உங்களுடையது பனியன் கம்பெனிக் குழுவாக இருந்தால் ஷிப்மென்ட் வாரத்தைத் தனியாகப் பிரியுங்கள்.

இவ்வளவு செய்தும், படிக்க மட்டும் செய்கிறவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். எங்கள் குழுவில் அவர்கள்தான் அதிகம். அவர்களைப் பிடிக்க வேறு வழி: நீங்கள் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' பாருங்கள். யார் எத்தனை மணிக்குப் படித்தார்கள், யாருக்குப் போய்ச் சேர்ந்தும் படிக்கவில்லை என்பது பெயரோடு இருக்கும். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவரும் குழுவில் இதில் தெரிவார். பழைய அறிவிப்புகள் சிலவற்றை இப்படிப் பார்த்தாலே படிக்கும் நேரம் பிடிபட்டுவிடும்.

சாட் ஃபைலைக் கொடுத்தால் படம் வரைந்து தரும் இணையப் பக்கங்களும் இருக்கின்றன. அதில் ஊராருடைய நம்பரும் பேச்சும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பக்கத்தைத் திறந்ததும் நெட்டை அணைத்துவிட்டு ஃபைலைக் கொடுங்கள். அப்போதும் வேலை செய்தால் பயன்படுத்தி, பக்கத்தை மூடிய பிறகு நெட்டைப் போடுங்கள். நெட் இல்லாமல் நகராவிட்டால் அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

இப்போது மடை அறிவிப்பை மாலை 7 மணிக்குச் சற்று முன்னால் போடுகிறோம். பேச்சு சூடுபிடித்த பிறகு போட்டால் மேலே தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. ஒன்பது மணிக்கு இன்ஃபோவைத் திறந்து, படிக்காதவர்கள் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் போன் போடுகிறோம். பட்டனை மட்டுமே அழுத்தும் சின்ன போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு முதல் அழைப்பு.